கேட்பது தெரியாமல் கேட்கலாமா?



இன்று நம் வீடுகளில் கைப்பேசி இருக்கிறது. காசநோயைப் பற்றியோ கடன் தொல்லையைப் பற்றியோ ஐயம் எழுந்தால், பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்கிறோம். விடை வருகிறது. ஆனால், நாம் எதைக் கேட்டோம் என்பதை விடை தந்த நிலையம் அறிந்துகொள்கிறது. கேள்வியே வீட்டு இரகசியத்தைச் சொல்லிவிடும். இதற்கு அஞ்சிக் கேட்க வேண்டியதைக் கேளாமல் இருப்போரும் உண்டு.

எதைக் கேட்கிறோம் என்று காட்டாமல் விடை பெற முடியுமா? பதிவேடு முழுவதையும் வாங்கிவிடலாம். ஆனால் அது பெருஞ்சுமை. 1995ஆம் ஆண்டில் நான்கு அறிஞர்கள் வேறு வழி கூறினர். அவர்களுள் ஒருவரான மது சூதன் சென்னையில் பிறந்தவர்.

ஒரே பதிவேட்டின் படிகள் இரண்டு நிலையங்களில் உள்ளன எனக் கொள்வோம். ஐந்து பக்கங்கள், அவற்றிலுள்ள எண்கள் முறையே 7, 2, 9, 4, 6. கணினிக்கு எழுத்தும் எண்தான். நமக்கு வேண்டியது மூன்றாம் பக்கம். ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு காசைச் சுண்டுவோம். 1, 4 ஆகிய பக்கங்களுக்குத் தலை விழுந்தது என்போம். முதல் நிலையத்திடம் அவ்விரண்டின் கூட்டுத்தொகையைக் கேட்கிறோம், 11 வருகிறது. இரண்டாம் நிலையத்திடம் 1, 3, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகையைக் கேட்கிறோம், 20 வருகிறது. 20இல் 11 போக மீதி 9. அதுவே மூன்றாம் பக்கத்தின் எண்! காசு சுண்டியபோதே மூன்றாம் பக்கமும் விழுந்திருந்தால், இரண்டாம் கேள்வியில் அதை விட்டுவிட வேண்டும். பெரிய தொகையிலிருந்து சிறியதைக் கழித்தால் விடை வரும். ஒவ்வொரு நிலையமும் காண்பது காசு விழுந்தபடி அமைந்த பட்டியலை மட்டுமே. அதைக்கொண்டு நம் மனத்தை அறிய இயலாது.

இலட்சம் பக்கங்கள் இருந்தால் கேள்வி மிக நீளுமே! இங்கேதான் குறியீட்டியல் உதவுகிறது. செய்தி வழியில் சிதைந்தாலும் மீட்பதற்காக, அதனுடன் கூடுதல் எண்களைச் சேர்த்து அனுப்பும் கலை அது. அவற்றுள் ஒரு வகையில், சில இடங்களை மட்டும் பார்த்தே வேண்டிய ஓர் எழுத்தை மீட்கலாம். அத்தகைய குறியீடுகளைக் கொண்டு கேள்வியை வெகுவாகச் சுருக்கலாம்.

ஒன்றை மறக்கலாகாது. இரு நிலையங்களும் கூடிப் பேசிவிட்டால் இரகசியம் போய்விடும். ஒரே நிலையத்துடன் இதைச் செய்யும் வழி 1997இல் வந்தது. அது கடினமான கணக்குகளை நம்பி நிற்கிறது.

கைப்பேசியில் நாம் வழக்கமாகத் தேடும்போது இந்தக் காவல் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். அதற்காக நோயை மறைக்க வேண்டாம். மருத்துவரிடம் நேரில் கேட்போம். கூட்டலும் கழித்தலும் மானம் காக்கும் என்பதையும் அவர்களுக்குக் காட்டுவோம்.