தம்பிக்கும் எனக்கும் ஆளுக்கொரு ஒளிவட்டம்

இன்னைக்குக் குன்னூர்ல இருந்து பேசறேன். பின்னாடி காத்துச் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, இந்த வீட்டு ஜன்னல் சரியா மூடாது.

எங்க அம்மா இங்க ஒரு எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க. லீவு நாள்ல நானும் தம்பியும் கூடப் போவோம். காலையில சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கும். எங்க நிழல் தேயிலைச் சரிவுல நீளமா விழும். என் தலை நிழலைச் சுத்தி மட்டும் செடியெல்லாம் பளிச்சுனு தெரியும். "எனக்குத்தான் ஒளிவட்டம்"னு நான் சொல்வேன். "இல்ல, எனக்குத்தான்"னு அவன் அழுவான். கடைசியில ரெண்டு பேருக்கும் அம்மாகிட்ட அடி விழும்.

பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது, நாங்க ரெண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கோம்.

ஒவ்வொரு இலைக்குப் பின்னாடியும் ஒரு குட்டி நிழல் இருக்கு. சூரியன் நம்ம முதுகுக்கு நேர் பின்னாடி இருந்தா, அந்த நிழல் எல்லாம் இலைக்குப் பின்னாலயே ஒளிஞ்சிடும். வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தா நிழல்கள் எட்டிப் பார்க்கும், இடம் மங்கிடும். அதனால அவனவன் தலையைச் சுத்தித்தான் அவனவனுக்குப் பளிச்சுனு இருக்கும்.

நிலாவிலயும் இதே கதைதான். பௌர்ணமி நிலா, பாதி நிலாவை விட ரெண்டு மடங்கு இல்ல, கிட்டத்தட்ட பத்து மடங்கு பிரகாசம். மேடு பள்ளத்தோட நிழலெல்லாம் அன்னைக்கு மறைஞ்சிடுறது அதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இப்போ வால்நட்சத்திரத்துக்கு வருவோம். சூரியன் பக்கத்துல வந்தா, நாம பார்க்கிற வெளிச்சம் வாயுவும் தூசியும் தர்றது. ஆனா தூரத்துல, வெறும் கருவா இருக்கும்போது அது ஒரு புள்ளி. எவ்வளவு பெருசுன்னு அந்தப் புள்ளியோட பிரகாசத்தை வச்சுத்தான் பெரும்பாலும் கணக்குப் போடறாங்க. எந்தக் கோணத்துல வெளிச்சம் படுது, மேற்பரப்பு எவ்வளவு கரடுமுரடுன்னு சேர்த்துக்கலைன்னா, அதே கரு ஒரு மாசம் பெருசாவும் இன்னொரு மாசம் சின்னதாவும் கணக்குல வரும்.

இது வெறும் கணக்குப் பிரச்சினையும் இல்ல. 2014 நவம்பர் 12 அன்னைக்கு, ரொசெட்டா விண்கலத்துல இருந்து ஃபிலேங்கிற சின்ன இறங்கு கலம் 67பி வால்நட்சத்திரத்துல இறங்குச்சு. இறங்கின இடத்துல நிக்காம துள்ளிப் போய், ஒரு பாறை முகட்டு நிழல்ல ஒதுங்கிடுச்சு. சோலார் பேனலுக்கு வேண்டிய அளவு வெயில் கிடைக்கல. மூணு நாளுக்குள்ள பேட்டரி தீர்ந்துபோச்சு.

அடுத்த வருஷம் பிப்ரவரி 14 அன்னைக்கு ரொசெட்டா அதே வால்நட்சத்திரத்துக்கு 6 கிலோமீட்டர் மேல பறந்துச்சு. சூரியன் நேர் பின்னாடி. மேல படுற வெளிச்சத்துல சுமார் ஆறு சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்பற, கரி மாதிரி கறுத்த தரை. அந்தத் தரையில ரொசெட்டாவோட நிழல் மங்கலா விழுந்திருந்துச்சு. நிழலைச் சுத்தித் தரை பளிச்சுனு இருந்துச்சு.

எங்க தேயிலைச் சரிவுல பார்த்த அதே ஒளிவட்டம்!

நேத்து ராத்திரி அந்தப் படத்தைத் தம்பிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, விஷயத்தை விளக்கிச் சொன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு ஒரே வரியில பதில் வந்துச்சு.

"அப்போ அன்னைக்கு நான் வாங்குன அடி?"

நீலகிரி பக்கம் வந்தா, காலையில சூரியனுக்கு முதுகைக் காட்டி ஒரு சரிவு முன்னாடி நின்னு பாருங்க. கூட யாராவது இருந்தா சண்டை மட்டும் போட்டுக்காதீங்க. அடுத்த வாரம் பேசலாம்.