கோட்டைச் சிறைக்குப் பிறகு



இன்று இறையியல் பட்டம் பெறும் தம்பி தங்கையரே, ஊழியத்தின் மேன்மையைப் பற்றி உங்களுக்குப் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அதன் காயத்தைப் பற்றிப் பேசுகிறேன். உங்களில் சிலர் சேகரத்தில், அதாவது உங்கள் பொறுப்பில் வரும் சபைகளில், காயப்படுவீர்கள். காயப்படுத்துகிறவர் வெளியாராக இருக்க மாட்டார். கமிட்டியில் உங்களோடு முழங்காலில் நின்றவர்தான் மொட்டைக் கடிதம் எழுதியிருப்பார். சபைத் தேர்தலில் யார் பக்கமும் சேராததற்கு இடமாற்ற உத்தரவு வரும்.

இப்படிக் காயப்பட்டவர்களில் ஒருவர் மிஷனரி சீகன்பால்க். அவர் பெயரைக் கேட்டதும் நமக்குத் தமிழ்ப் புதிய ஏற்பாடு, அச்சுக்கூடம் என்று வேதாகம வினாடி வினா விடைகளே நினைவுக்கு வருகின்றன. அவர் சிறையில் கிடந்தவர் என்பதை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு உங்களில் பலருடைய வயதுதான். இரண்டே ஆண்டுகளில் தமிழ் கற்று, ஓலைச்சுவடிகள் சேர்த்து, 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். அடுத்த மாதமே கைது. ஓர் ஏழை விதவையின் வழக்கில் அவளுக்காகப் பேசியதால் வந்த வினை அது. அடைத்தவர் டேனிஷ் கோட்டையின் தளபதி ஹாசியஸ். சீகன்பால்க்கை அனுப்பியவர் டென்மார்க் அரசர்; அடைத்தவரோ அதே நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி! ஏறத்தாழ நான்கு மாதச் சிறை. முதலில் பேனாவும் மையும்கூட மறுத்தார்கள். கிடைத்ததும் எழுதத் தொடங்கினார். எதைப் பற்றி? ஊழியத்தைப் பற்றியே.

அப்போஸ்தலர் பவுலும் சிறையிலிருந்து எழுதினார் என்று பிரசங்கிப்பது சுலபம். வெளியே வந்த மறுநாள்தான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. அடைத்தவர் அதே ஊரில், அதே பதவியில் இருக்கிறார். தெருவில் எதிர்ப்படுவார். அந்த ஊரிலேயே சீகன்பால்க், பாதியில் நின்ற மொழிபெயர்ப்பை எடுத்து 1711-இல் முடித்தார். 1714, 1715-இல் அது அச்சேறியது. ஹாசியஸ் மனம் மாறட்டும் என்று அவர் காத்திருந்தால் அந்த நூல் எப்போது வந்திருக்கும்?

அதற்காக, மன்னித்துவிட்டு வாயை மூடிக்கொள் என்பதற்கு அவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். 1714-இல் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, அரசர் வரை போய் மிஷனுக்காக வாதாடினார். 1716-இல் திரும்பி வந்தார். முறையிடுவதும் ஊழியத்தைத் தொடர்வதும் அவருக்கு முரண்பாடாக இல்லை. நம் சபைகளில் முறையிட்டவரை ஆவிக்குரியவர் அல்ல என்று ஒதுக்கிவிடுகிறோம். அடிக்கிற கையின் கீழேயே திரும்பப் போய் உட்காருவதுதான் கீழ்ப்படிதல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரத்தைக் கொண்டு வேறு சேகரத்துக்கோ, பள்ளிக்கோ, மருத்துவமனைக்கோ போவதும் ஊழியத்துக்குத் திரும்புவதுதான்.

கேட்க இனிமையான முடிவும் அவர் கதையில் இல்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த பெரிய நூலை ஜெர்மனியின் ஹாலேயில் இருந்த மிஷன் தலைவர்கள் அச்சிட மறுத்தார்கள். அது வெளிவந்தது 1867-இல், சென்னையில். கடைசிக் காலத்தில், கட்டடங்களுக்கு ஏன் பணம் செலவழிக்கிறாய் என்று கோபன்ஹேகனிலிருந்து மிஷன் செயலாளர் வெண்ட் எழுதிய கடிதங்கள் நோயாளியான அவரை நொறுக்கின. ஆனாலும் 1718-இல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். 1719 பிப்ரவரியில் இறந்தபோது வயது 36. அந்த ஆலயத்தில் இன்றும் ஆராதனை நடக்கிறது.

வெண்ட் கெட்டவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்போஸ்தலரைப் போல எளிமையாய் ஊழியம் நடக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்பியவர். பக்தியோடுதான் அப்படி எழுதினார். கொஞ்ச நாளில் உங்கள் கையிலும் முத்திரையும் கையெழுத்தும் இருக்கும். அப்போது இவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேலை தருகிறேன். முதல் சேகரத்துக்குப் போனதும், பாடகர் குழுவிலிருந்தோ ஓய்வுநாள் பள்ளியிலிருந்தோ மனம் நொந்து நின்றுபோனவர் யார் என்று விசாரியுங்கள். ஊருக்கு ஒருவராவது இருப்பார். அவர் வீட்டுக்குப் போங்கள். சந்தாப் புத்தகம் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு ஆர்மோனியம் வாசிக்க ஆளில்லை என்று ஆரம்பித்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருங்கள்.