தத்துவம் யாருடைய சொத்து?

(கல்லூரி மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தத்துவம் பேசாதே' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வேலைவெட்டி இல்லாதவன் பேசுவது, வயிறு நிறைந்தவன் பேசுவது என்று அதற்குப் பொருள். பிளஸ் டூ முடித்த பிள்ளை 'பி.ஏ. தத்துவம் சேரப் போறேன்' என்றால், 'படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவ?' என்றுதான் முதலில் கேட்பார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த குடும்பங்களில் அந்தக் கேள்வி நியாயமானது. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு தாயிடம் போய் 'அறிவு அறிவுக்காகவே' என்று நான் சொல்லமாட்டேன்.

நான் சொல்ல வருவது இதுதான். நீங்கள் எந்தப் பாடம் படித்தாலும், எந்த வேலைக்குப் போனாலும், தத்துவம் உங்களுக்குத் தேவை. ஏனென்றால் நம் தலைமீது ஏற்கெனவே ஒரு தத்துவம் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அதை இறக்கி வைத்துப் பரிசோதிக்கும் பயிற்சியை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை.

கிரேக்கத்தில் பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில் மக்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்: ஆள்பவர்கள், காப்பவர்கள், உழைப்பவர்கள். பிறக்கும்போதே சிலருக்குள் பொன்னும், சிலருக்குள் வெள்ளியும், மற்றவர்களுக்குள் இரும்பும் வெண்கலமும் கலந்திருப்பதாக ஒரு கதையைச் சொல்லி மக்களை நம்பவைக்க வேண்டும் என்றார். இரும்புக்குப் பொன் பிறக்கலாம், பொன்னுக்கு இரும்பும் பிறக்கலாம் என்று ஒரு சின்னக் கதவையாவது அவர் திறந்து வைத்தார். நம் ஊர் மனு அந்தக் கதவையும் அடைத்துவிட்டார்.

1916இல் ஜான் டூயி என்ற அமெரிக்கத் தத்துவவாதி 'ஜனநாயகமும் கல்வியும்' என்ற நூலை எழுதினார். மனிதர்களை இரண்டு மூன்று பெட்டிகளில் அடைக்க முடியாது, ஒவ்வொருவரின் ஆற்றலும் தனித்தன்மை கொண்டது, பிளேட்டோ அதைக் காணத் தவறினார் என்று அதில் வாதிட்டார். 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அம்பேத்கர், டூயியிடம் பாடம் கேட்டவர். 20 ஆண்டுகள் கழித்து, 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையை எழுதியபோது, பிளேட்டோவுக்கு எதிரான அந்த வாதத்தைச் சதுர்வர்ணத்துக்கு எதிராகத் திருப்பினார். அழைத்த லாகூர் அமைப்பினர் உரையை மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடே ரத்தானது. அவர் தன் செலவில் அதை அச்சிட்டார்.

அந்த உரையில் ஓர் இடத்தைக் கவனியுங்கள். சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினைதானே, எல்லா நாட்டிலும் இருப்பதுதானே என்பவர்களுக்கு அவர் பதில் சொல்கிறார்: சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குகிறது. ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டியதும் எதிராளியின் வாதம் சரிந்துவிடுகிறது. தத்துவம் செய்யும் வேலை இதுதான்.

இது ஏதோ பழைய புத்தகச் சண்டை என்று நினைக்காதீர்கள். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த கல்வித் திட்டம் உங்களுக்குத் தெரியும். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் குடும்பத் தொழிலைக் கற்கச் சொன்ன திட்டம். இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டே இரண்டு வேளை வகுப்பு நடத்தலாம், இன்னும் நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று கணக்குக் காட்டினார்கள். கணக்கு சரியாகக்கூட இருந்திருக்கலாம். அதற்கு அடியில் ஒளிந்திருந்த கேள்வி வேறு: ஒரு குழந்தை யாராக வேண்டும் என்பதை அதன் அப்பாவின் தொழில் தீர்மானிக்கலாமா? பெரியார் அந்தக் கேள்வியை வெளியே இழுத்துப் போட்டு, 'குலக்கல்வி' என்று பெயர் சொல்லி எதிர்த்தார். 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் குடும்பத் தொழில் நிபந்தனையைத் தமிழ்நாடு எதிர்த்தபோதும், திரும்பி வந்தது அதே கேள்விதான்.

'தத்துவம் என்றாலே மேற்கு, நமக்கு எங்கே அந்த மரபு?' என்று சிலர் கேட்பார்கள். மணிமேகலையைத் திறந்து பாருங்கள். வேள்விக்காகக் கட்டி வைத்திருந்த பசுவை ஆபுத்திரன் அவிழ்த்து மீட்கிறான். அந்தணர்கள் அவனுடைய செயலை விட்டுவிட்டு அவன் பிறப்பை இழிவுபடுத்துகிறார்கள். அவன் திருப்பிக் கேட்கிறான்: நீங்கள் போற்றும் முனிவர்களில் பசுவுக்கும் மானுக்கும் பிறந்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வீர்கள்? பிறப்பை வைத்து மதிப்பிடுவது உங்கள் விதி என்றால், அந்த விதியை உங்கள் முனிவர்களுக்கும் பொருத்துங்கள் என்பதுதான் அந்தக் கேள்வியின் உள்ளடக்கம். எதிராளியின் விதியை எடுத்து எதிராளி மேலேயே வைத்துப் பார்ப்பது தர்க்கத்தின் அடிப்படைப் பாடம். அதே காப்பியத்தில் ஒரு பெண், பல சமயவாதிகளின் கொள்கைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எடைபோடுகிறாள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தத்துவம் படித்தாலே மனிதர் திருந்திவிடுவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எல்லாம் ஒன்றே என்ற சங்கரர்தான், பிரம்ம சூத்திர உரையில் சூத்திரர்களுக்கு வேதம் கற்கும் உரிமை இல்லை என்றார். நாம் யாருடைய பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்தத் தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன் சாதி அமைப்புக்கு நியாயம் கற்பித்து எழுதியவர். கேட்கும் உரிமையைச் சிலரிடம் மட்டும் கொடுத்துவிட்டால், மிக உயர்ந்த தத்துவமும் பூட்டுக்கு மேல் பூட்டாகத்தான் முடியும். இன்றைய ஆய்வுலகிலும், தலித்துகள் அனுபவத்தையும் தரவுகளையும் தரவேண்டும், கோட்பாட்டை மற்றவர்கள் உருவாக்குவார்கள் என்ற பிரிவினை நிலவுவதை கோபால் குரு சுட்டிக்காட்டினார். 'எங்கள் கதையைச் சொல்கிறோம்' என்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அந்தக் கதைக்கு என்ன பொருள் என்று சொல்லும் இடத்துக்கும் நாம்தான் போக வேண்டும்.

அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். வாடகைக்கு வீடு தேடும்போது 'சைவம் மட்டும்' என்கிறார்கள். அது உணவைப் பற்றிய வாக்கியமா, ஆளைப் பற்றிய வாக்கியமா? ஊரில் 'காலங்காலமா இதுதான் வழக்கம்' என்கிறார்கள். ஒன்று நடந்து வருகிறது என்பதாலேயே அது நடக்க வேண்டியது ஆகிவிடுமா? இட ஒதுக்கீடு என்றதும் 'தகுதி' என்கிறார்கள். எதற்கான தகுதி, அதை எந்த அளவுகோலால் அளந்தீர்கள், அந்த அளவுகோலைச் செய்தது யார்? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பட்டம் வேண்டாம், பழக்கம் போதும். அந்தப் பழக்கத்தைக் கொடுக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

நம் பள்ளிகளில் என்ன இருந்தது? நீதிபோதனை பீரியட். அதையும் பெரும்பாலும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். அப்படியே நடந்தாலும் 'பொய் சொல்லாதே, பெரியோரை மதி' என்று முடிந்துவிடும். பெரியவர் சாதி சொல்லித் திட்டினால் மதிக்க வேண்டுமா என்று அங்கே கேட்க முடியாது. 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. அது அவசியமான பரிந்துரை. ஆனால் கையிலிருந்து கயிற்றை அறுக்க ஓர் அரசாணை போதும், மனதிலிருக்கும் கயிற்றை அந்தப் பையனேதான் அறுக்க வேண்டும். 'இதை நான் ஏன் கட்டியிருக்கிறேன்?' என்று அவன் தன்னையே கேட்கும்படி ஒரு வகுப்பறை அவனுக்கு வேண்டும்.

பிரான்சில் பள்ளியின் இறுதி ஆண்டில் பொதுப் பிரிவிலும் தொழில்நுட்பப் பிரிவிலும் தத்துவம் கட்டாயப் பாடம். சுதந்திரம் என்றால் என்ன, நீதி என்றால் என்ன என்பது போன்ற கேள்விகளுக்கு அங்கே நான்கு மணிநேரத் தேர்வு எழுதுகிறார்கள். அதனால் அங்கே இனவெறி ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கும் அந்தக் கேள்விகள் உரியவை என்று அந்தப் பாடத்திட்டம் ஒப்புக்கொள்கிறது. நம் பாடத்திட்டம் எப்போது ஒப்புக்கொள்ளப் போகிறது?

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் மாலை நேர டியூஷன் எடுக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். வாரத்தில் ஒருநாள், கணக்கும் அறிவியலும் முடிந்த பிறகு அரை மணிநேரம் ஒதுக்குங்கள். ஒரு கேள்வியை மட்டும் பிள்ளைகள் நடுவில் வையுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்லும் பதிலுக்குக் காரணம் கேளுங்கள். அந்தக் காரணம் எல்லோருக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். அவர்கள் திருப்பி உங்களையே கேட்கத் தொடங்குவார்கள், உங்கள் பதிலிலும் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். அப்போது கோபப்படாமல் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.