ஆற்றுத் தீவில் ஒரு வைத்தியசாலை

நியூ யோர்க் மாநகரின் கிழக்கு ஆற்றிலே, புரொங்ஸ் கரைக்கு எதிரே, வடக்குச் சகோதரன் தீவு என்றொரு சிறு தீவு உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ இருபது ஏக்கர். நகர மக்கள் அஞ்சி ஒதுக்கிய நோயாளர் பலர் நெடுங்காலமாக அங்கேதான் கொண்டுபோய் வைக்கப்பட்டனர். அம்மை கண்டோரும் காசநோயாளரும் அங்கே கிடந்தனர். தம்மிடம் நோய்க்குறி எதுவுமின்றியே நெருப்புக் காய்ச்சலைப் பிறருக்குப் பரப்பிய மேரி மாலன் என்னும் சமையற்காரப் பெண்மணி, 1915ஆம் ஆண்டு முதல் 1938இல் இறக்கும் வரை அங்கேயே தடுத்து வைக்கப்பட்டிருந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஹெரோயின் பழக்கம் நியூ யோர்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த இளைஞரிடையே விரைந்து பரவிற்று. பள்ளிப் பராயத்துப் பிள்ளைகளும் அதற்கு இரையாயினர். பெற்றோர் கலங்கினர், பத்திரிகைகள் முழங்கின. 1952ஆம் ஆண்டிலே, அத்தீவிலிருந்த ரிவர்சைட் வைத்தியசாலை இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட போதை அடிமைகளுக்கென மீண்டும் திறக்கப்பட்டது. தாமாக வந்தோர் சிலர். நீதிமன்றக் கட்டளையால் வந்தோர் பலர். அங்கே வைத்தியரும் இருந்தனர், மனநோய் நிபுணரும் இருந்தனர், பள்ளிக்கூடமும் இருந்தது.

இதனை நிறுவியோரின் உள்ளம் கொடிய உள்ளமன்று. சிறைக்குப் போக வேண்டிய பிள்ளை வைத்தியசாலைக்குப் போகட்டும் என்பதே அவர்கள் எண்ணம். 1962இல் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றமும், கலிபோர்னியாவிலிருந்து வந்த ரொபின்சன் வழக்கிலே, போதைக்கு அடிமையாயிருத்தல் ஒரு நோயாதலால் அதற்காக மட்டும் ஒருவரைத் தண்டித்தல் ஆகாது என்று தீர்த்தது. ஆயினும், கட்டாய சிகிச்சைக்கு அரசு வகை செய்யலாம் என்று அதே தீர்ப்பு கூறியது. தண்டனை என்ற பெயர் நீங்கினாலும் பூட்டு நீங்கவில்லை.

தீவிலே கண்ட பயன் யாது? 1955ஆம் ஆண்டில் அங்கு சேர்க்கப்பட்ட 247 இளைஞரின் பிற்கால வாழ்வைக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் தேடி ஆராய்ந்தனர். ஏறக்குறைய எல்லோருமே மீண்டும் ஹெரோயினை நாடியிருந்தனர். நாடாதவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அச்சிலரோ, தாம் ஒருபோதும் அடிமையாயிருந்ததில்லை என்றே சாதித்தனராம்! அவ்வாய்வை நடத்திய வைத்தியர் ரே டிரசல் 1961இல் நகர வைத்தியசாலைகளின் ஆணையாளரானார். 1963இல் ரிவர்சைட் மூடப்பட்டது.

ஹெரோயினை நிறுத்தியவுடன் உண்டாகும் நடுக்கமும் வலியும் வாந்தியும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். வேட்கையோ மாதக்கணக்கில் நின்று வாட்டும். படகேறிக் கரை சேர்ந்த பிள்ளை அதே தெருவுக்கும், அதே தோழரிடமும், வேலையற்ற அதே வாழ்வுக்கும் திரும்பினான். இதனினும் கொடிய ஆபத்து ஒன்றுண்டு. மருந்தின்றிக் கழிந்த காலத்தில் உடல் தன் தாங்கும் வலிமையை இழந்துவிடுகிறது. முன்பு வழக்கமாக ஏற்றிய அதே அளவே அப்போது மூச்சை நிறுத்திக் கொன்றுவிடும். பிள்ளை குணமடைந்தான் என்று வீட்டார் மகிழும் முதல் வாரங்களே அவனுக்கு மிகவும் ஆபத்தானவை. விடுதலைக்குப் பின் எவரும் பின்தொடர்ந்து பேணாத கட்டாய சிகிச்சை இந்த ஆபத்தைத் தானே உண்டாக்கி வைக்கிறது.

அதே நகரில் வின்சென்ற் டோலும் மேரி நைஸ்வாண்டரும் 1965இல் வேறொரு வழியை வெளியிட்டனர். நாள்தோறும் மெதடோன் மருந்தை அளவாகக் கொடுத்து, நோயாளரைத் தம் வீட்டிலிருந்தே வேலைக்கும் படிப்புக்கும் போகச் செய்தனர். பலர் அவ்வாறே நிலைபெற்றனர்.

கட்டாயம் என்ற எண்ணம் தீவோடு முடிந்துவிடவில்லை. இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், தாமாக வருவோருக்கு மட்டுமன்றி, நீதவானின் கட்டளையால் அனுப்பப்படுவோருக்கும் சிகிச்சை அளிக்க இடம் வைத்தது. 2012இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் பன்னிரண்டு ஒன்றுகூடி, கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடி, விரும்பி வருவோருக்கு ஊரிலேயே சிகிச்சை அளிக்குமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டன. வடக்குச் சகோதரன் தீவில் இன்று வைத்தியசாலைக் கட்டடங்களின் கூரையைப் பிளந்து மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. பறவைகளின் சரணாலயமான அங்கே பொதுமக்களுக்கு அனுமதியில்லை.