காயாமொழி ஆதித்தனாரும் அவர் கண்ட கட்சியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



திருச்செந்தூரை அடுத்து, தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த காயாமொழியில் 1905-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ஆம் நாள் பிறந்த சி. பா. ஆதித்தனார் அவர்களைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கின்றனர். பத்திரிகை முதலாளியாக அவரை அறியாதார் நம்மில் இலர். ஆயினும் அவர் ஒரு கட்சியை ஸ்தாபித்தார் என்பதையும், அதைத் தம் கையாலேயே முடித்தார் என்பதையும் நம் இளைஞரிற் பலர் அறியார். யான் எடுத்துக்கொண்ட விஷயம் அதுவே.

அவர் பிறந்த மறு வருஷத்தில், வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தினார். அக்கப்பல்கள் சென்ற ஊர் கொழும்பு. நம் கடற்கரையாருக்குச் சென்னைப் பட்டணத்தைக் காட்டிலும் கொழும்பே அண்மையானது. முத்துக்குளிப்போரும், தோணிக்காரரும், கடை வைத்துப் பிழைக்கப் போனோரும், தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற கூலிகளும் இந்தக் கடலைத் தாண்டியே போயினர். 1955 முதல் 1961 வரை இங்கே முத்துச் சலாபம் நடைபெற்றது. அதன் பின் அந்தக் காட்சியை நம் கடல் கண்டதில்லை. ஆதித்தனார் தமது கட்சியைத் தொடங்கியது அந்த ஆண்டுகளின் நடுவிலேதான். இலங்கைத் தமிழர் நிலத்தையும் அளாவிய தமிழகம் வேண்டுமென்று அக்கட்சி கூறியதைப் பிற ஊரார் கனவென்று தள்ளியிருக்கலாம். அக்கரையில் உறவினரை வைத்திருந்த இக்கரையார்க்கு அது அத்தனை விநோதமாகத் தோன்றியிராது.

திருச்சிராப்பள்ளி அர்ச்சூசையப்பர் கல்லூரியில் பயின்று, இலண்டன் சென்று பாரிஸ்டரான அவர், சிங்கப்பூரில் வக்கீல் தொழில் நடத்தினார். 1933-இல் கோவிந்தம்மாள் அவர்களை மணந்தார். 1942-இல் தாயகத்தில் ‘தமிழ் ராஜ்யம்’ என்றொரு கட்சியைத் தொடங்கினார். அதே வருஷத்தில் மதுரையில் ‘தந்தி’யையும் தொடங்கினார். அந்தக் கட்சி பெயரளவில் நின்றது, பத்திரிகையோ பரவிற்று. எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும்படி எழுதவேண்டும் என்பதே அவர் விதித்த விதி. யான் இப்பொழுது பேசும் நடையை அவர் அச்சிட ஒப்பியிரார்! தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் வழக்கத்தால் தமிழ் நாட்டார் எத்தனை பேர் எழுத்தறிந்தனர் என்பதை அளந்து சொல்லுவார் இல்லை.

1952-இல் திருச்செந்தூரிலிருந்து கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் சார்பிலும், 1957-இல் சாத்தான்குளத்திலிருந்து சுயேச்சையாகவும் அவர் சட்டசபைக்குச் சென்றார். இடையில் 1956-இல் மொழிவாரியாக மாகாணங்கள் பிரிந்தன. ஆந்திரரும் மலையாளிகளும் கன்னடரும் தத்தம் இராச்சியம் பெற்ற பின்னர், நால்வரையும் சேர்த்துத் திராவிட நாடு கேட்பதில் பொருளென்ன என்பது அவர் கேள்வி. தமிழர்க்குத் தமிழ்நாடு போதும் என்று 1958-இல் ‘நாம் தமிழர்’ இயக்கத்தை நிறுவினார்.

சபையோரே, இவ்விடத்தில் நம் சங்கத்தார் சற்று நின்று நோக்கவேண்டும். 1952-ஆம் வருஷத் தேர்தலில் வட மாவட்டத்து வன்னியப் பெருமக்களின் பலத்தால் ராமசாமிப் படையாட்சியார் கட்சி 19 இடங்களையும், மாணிக்கவேலு நாயக்கர் கட்சி 6 இடங்களையும் பெற்றன. தலைவர் இருவரும் பின்னர் காங்கிரஸ் மந்திரிசபைகளில் இடம் பெற்றனர். ஆதித்தனாரிடம் பொருள் இருந்தது; பத்திரிகை இருந்தது; கட்டுக்கோப்பான நாடார் சமூகமும் பின்னே இருந்தது. அவர் விரும்பியிருந்தால் அதே வழியில் சென்றிருக்கலாம். செல்லவில்லை. தம் கட்சியின் பெயரில் மொழியை வைத்தார், சாதியை வைக்கவில்லை.

அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அப்பொழுது முதல் மந்திரியாக இருந்தவர் விருதுநகர் காமராஜர். நம்மவர் உள்ளம் யாரிடம் இருந்தது என்று யான் சொல்ல வேண்டுவதில்லை. 1960-இல் தமிழ்நாடு நீங்கலான இந்தியப் படத்தைக் கொளுத்தும் கிளர்ச்சி நடந்தது, பெரியார் ஈ.வெ.ரா. அவர்களும் அதில் ஈடுபட்டார். ஆதித்தனார் கைது செய்யப்பட்டார். நம்மவர் ஒருவர் ஆண்ட இராச்சியத்தில், நம்மவர் மற்றொருவர் சிறை புகுந்தார்! 1962-ஆம் வருஷத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஓரிடமும் கிட்டவில்லை. காலையில் அவர் பத்திரிகையைப் படித்தவரே பகலில் காங்கிரஸுக்கு வாக்களித்தனர் என்பது என் அபிப்பிராயம். பத்திரிகை வாங்குவது வேறு, கட்சியைத் தாங்குவது வேறு.

1963-இல் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்போர் இந்தியாவின் ஒருமைப்பாட்டைக் காப்பதாகப் பிரமாணம் செய்யவேண்டும் என்றாயிற்று. தனி நாடு கேட்டோர்க்குத் தேர்தல் வழி அடைபட்டது. தி.மு. கழகம் அக்கோரிக்கையைக் கைவிட்டது. 1967-இல் ஆதித்தனாரும் தம் கட்சியை அக்கழகத்தோடு இணைத்து, ஸ்ரீவைகுண்டத்தில் நின்று வென்று, சபாநாயகரானார். அதே தேர்தலில் காமராஜர் விருதுநகரில் தோற்றார். ஒரே குடும்பத்தில் ஒருவர் மகிழ, ஒருவர் உண்ணாதிருந்தார் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

படத்தைக் கொளுத்தும் கிளர்ச்சி நடத்தியவரே அப்பிரமாணத்தைச் செய்து ஆசனத்தில் அமர்ந்தாரே என்று குறை கூறுவோர் உண்டு. அதில் பாதி உண்மை. தனி நாட்டை அவர் விட்டார், மறுப்பதற்கில்லை. தமிழை விட்டாரென்று சொல்லுதல் தகாது. திருக்குறள் ஒன்றைக் கூறிச் சபையைத் தொடங்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் அவரே. கட்சி கரைந்ததற்கு அவர் ஒருவரையே பொறுப்பாக்குவதும் நியாயமன்று. 1962-இல் அவரைக் கைவிட்டவர்களில் நம் பாட்டனார்களும் உளர்.

பின்னர்க் கூட்டுறவு மந்திரியாகவும் இருந்து, 1981-ஆம் வருஷம் மே மாதம் 24-ஆம் நாள் அவர் காலமானார். 1965-இல் திருச்செந்தூரில் தோன்றிய ஆதித்தனார் கல்லூரியில் நம் பிள்ளைகள் பலர் படித்திருக்கின்றனர். 2010-இல் சீமான் அவர்கள் அதே பெயரில் ஒரு கட்சியைத் தொடங்கினார். அதன் வரலாறு வேறு. அதைப் பிறிதொரு கூட்டத்தில் வேறொருவர் பேசுவார்.