சப்வூபரும் வீட்டு அறையும்

(இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சப்வூபர். இப்பெயரைக் கேட்டவுடன் இளைஞர் முகம் மலர்வதையும் பெரியோர் முகம் சுருங்குவதையும் இங்கு நின்றே காண்கின்றேன். பக்கத்து வீட்டு யன்னற் கண்ணாடியை அதிரச்செய்யும் பெட்டி என்றே பெரியோர் பலர் இதனை அறிவர். அவர்கள் கூறும் குறை பொய்யன்று. ஆனால் அக்குறை பெரும்பாலும் பெட்டியைச் சார்ந்ததன்று. அதனை வீட்டிற் சேர்த்த முறையைச் சார்ந்தது. இரண்டு ஒலிபெருக்கிகளைக் கொண்ட ஸ்டீரியோவுடன் மூன்றாவதாக வந்து சேரும் இப்பெட்டி, தான் இருப்பதே தெரியாமல் ஒலிக்கும்போதுதான் தன் கடமையைச் செய்கின்றது. இதனை விளக்குவதே என் நோக்கம்.

முதலில், இப்பெட்டி எதற்கு? ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை மீடிறன் என்கின்றோம். அதனை ஹேர்ட்ஸ் என்னும் அலகாற் குறிக்கின்றோம். மேனாட்டு டபிள் பேஸ் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸில் ஒலிக்கும். பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹேர்ட்ஸ். பெரிய தேவாலயங்களில் உள்ள ஓகனின் 32 அடிக் குழாயோ 16 ஹேர்ட்ஸ் வரை இறங்கும். இவையெல்லாம் சிறிய ஒலிபெருக்கிகளில் முழுமையாகக் கேட்பதில்லை. எல்.எஸ். 3/5ஏ என்ற புகழ்பெற்ற ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் பீ.பீ.சீ. நிறுவனம், வெளியிடங்களுக்குச் செல்லும் ஒலிபரப்பு வண்டிகளில் வைத்துக் கேட்பதற்காக இதனை ஆக்கியது. உயரம் 30 சென்ரிமீற்றர் அளவுதான். மனிதக் குரலை உள்ளவாறே தருவதில் இதற்குப் பெரும் பெயர் உண்டு. ஆயினும் ஆழ்ந்த ஒலிகளை இதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. ஏனெனில், ஒரு ஸ்தாயி கீழிறங்கி அதே அளவு ஒலியைத் தரவேண்டுமாயின் நான்கு மடங்கு காற்றைத் தள்ளவேண்டும். சிறிய கூம்பு அதற்கு எங்கே போகும்? அவ்வேலையைப் பெரிய கூம்பும் தனக்கென ஒரு விரியலாக்கியும் உடைய வேறொரு பெட்டியிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை. அதுவே சப்வூபர்.

இனி, தொல்லை எங்கே தொடங்குகின்றது என்று பார்ப்போம். ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 343 மீற்றர் செல்கின்றது. ஆகவே 34 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 10 மீற்றர். அதிற் பாதி 5 மீற்றர். உங்கள் விறாந்தை அறை 5 மீற்றர் நீளமாயின் அவ்வலை இரு சுவர்களுக்கும் இடையே சரியாகப் பொருந்தி நின்றுவிடும். அப்போது சுவரோரங்களில் ஒலி மிகுந்தும் அறையின் நடுவிற் குறைந்தும் இருக்கும். அறையின் அகலம் 4 மீற்றராயின் 43 ஹேர்ட்ஸிலும் இவ்வாறே நிகழும்.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். இளைஞன் அறையின் நடுவே பாயில் இருந்து கேட்கின்றான். ஆழ்ந்த ஒலி போதவில்லை என்று குமிழைத் திருகிக் கூட்டுகின்றான். சுவரோரம் சாய்மனைக் கதிரையிற் படுத்திருக்கும் பாட்டனாருக்கோ நெஞ்சு அதிர்கின்றது. “இது என்ன இடி முழக்கம்?” என்கிறார் அவர். “எனக்கு ஒன்றுமே கேட்கவில்லையே!” என்கிறான் இவன். இருவரும் உண்மையே பேசுகின்றனர்! ஒரே அறையில் இருவர் இருவேறு இசையைக் கேட்கின்றனர். இதனை அறியாமையால் எத்தனையோ வீடுகளில் மனத்தாங்கல் உண்டாகின்றது.

இதற்கு மருந்து குமிழில் இல்லை, இடத்தில் இருக்கின்றது. செலவில்லாத வழியொன்று உண்டு. நீங்கள் வழக்கமாக இருந்து கேட்கும் ஆசனத்திற் சப்வூபரைத் தூக்கி வையுங்கள். தாழ்ந்த சுரங்கள் ஏறியிறங்கி வரும் இசையொன்றை ஒலிக்க விடுங்கள். பின்னர், பெட்டியை வைக்கக்கூடிய இடங்களிலெல்லாம் நிலத்தோடு குனிந்து தவழ்ந்து சென்று கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவிற் கேட்கின்றனவோ அதுவே பெட்டிக்குரிய இடம். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றினாலும் பலன் ஒன்றே என்பது பௌதிக விதி. தவழ்வதைப் பார்த்து வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு பெட்டிக்குப் பதிலாக இரண்டை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் பல ஆசனங்களில் ஒலி சமப்படும் என்பதை ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரொட் வெல்ற்றி 2002இல் ஆராய்ந்து காட்டினார்.

அடுத்தது, வேலைப் பங்கீடு. ஏறக்குறைய 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைக் காது எளிதில் அறிவதில்லை. ஆகவே அவ்வெல்லைக்குக் கீழுள்ளதைச் சப்வூபருக்கும் மேலுள்ளதை மற்றை இரண்டுக்கும் பிரித்துக் கொடுப்பது நலம். எல்லையை 150 ஹேர்ட்ஸுக்கு உயர்த்தினால் பாடகரின் குரலிற் பாதி மூலையிலிருந்து வருவதுபோலத் தோன்றும். சிறிய ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் தாழ்ந்த மீடிறன்களை வடித்து நீக்கிவிட்டால் அவற்றின் சுமையும் குறையும். குரல் மேலும் தெளியும்.

மூன்றாவது, ஒத்திசைவு. சப்வூபரின் கூம்பு முன்னே தள்ளும் வேளையில் மற்றவற்றின் கூம்புகள் பின்னே இழுத்தால், எல்லை மீடிறனில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டியின் பின்புறத்தில் 0, 180 என்று குறித்த ஆளி இதற்காகவே உள்ளது. 80 ஹேர்ட்ஸ் ஒலியைத் தனியே ஒலிக்கவிட்டு, ஆளியை இருபுறமும் மாற்றிப் பாருங்கள். ஆசனத்தில் எப்போது ஒலி நிறைந்து கேட்கின்றதோ அதுவே சரியான நிலை. மிருதங்கம் நல்ல பரீட்சை. அடி விழும் ஓசை சிறிய ஒலிபெருக்கிகளிலிருந்தும், தொப்பியின் ஆழ்ந்த நாதம் சப்வூபரிலிருந்தும் வருகின்றன. இரண்டும் ஒரே கையின் ஒரே அடியாகக் கேட்டால் சேர்க்கை வாய்த்துவிட்டது.

கடைசியாக, அளவு. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் காதின் இயல்பொன்றை அளந்து வெளியிட்டனர். ஒலி மெலிய மெலியத் தாழ்ந்த சுரங்களே காதிலிருந்து முதலில் மறைகின்றன. ஆகவே வீட்டில் நாள்தோறும் எந்த அளவில் கேட்கின்றீர்களோ அந்த அளவிலேயே சப்வூபரைச் சீராக்குங்கள். பெட்டி தனியே கேட்கும் வரை கூட்டி, அது மறையும் வரை குறையுங்கள். பின் ஒரு கிழமைக்குக் குமிழைத் தொடாதீர்கள். வேலை செய்கின்றதா என்ற ஐயம் எழுந்தால் ஆளியை நிறுத்திப் பாருங்கள். பாட்டின் அத்திவாரம் இளகியதுபோல் இருந்தால் எல்லாம் சரியே.

இரண்டு எச்சரிக்கைகள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அது சப்வூபரின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றது. ஆதலின் இணைப்பிற் குறையிருப்பின் ஓயாத உறுமல் கேட்கும். சப்வூபரையும் விரியலாக்கியையும் ஒரே பிளக் பொயின்ரிலிருந்து இணைத்தால் பெரும்பாலும் அது நீங்கும். உறுமலை நிறுத்துவதற்காக ஏர்த் கம்பியை வெட்டுவாரும் உளர். அது உயிருக்கே ஆபத்து, எக்காரணங்கொண்டும் செய்யாதீர்கள். மற்றது, மீடிறன் பாதியாகக் குறையுந்தோறும் சுவர் தடுக்கும் ஆற்றலும் ஏறக்குறைய 6 டெசிபெல் குறைகின்றது. குரலை மறைக்கும் சுவர் முழக்கத்தை மறைக்காது. நமக்கு இசையாக இருப்பது அயலவருக்கு வெறும் முழக்கமாகவே சென்று சேரும். இரவிற் பெட்டியை நிறுத்திவிடுதல் அயலார்க்குச் செய்யும் மரியாதை.

நண்பர்களே! இந்த வேலைக்கு வேண்டியது பெரும் பணமன்று. ஒரு மாலைப்பொழுதும் பொறுமையுமே. பெரியோர்களே! உங்கள் வீட்டு இளைஞன் நிலத்திற் தவழக் கண்டால் தடுக்காதீர்கள். உங்கள் கதிரையில் இருந்தவாறே, இங்கே கூடுகிறது, இங்கே குறைகிறது என்று சொல்லி உதவுங்கள். இருவரும் ஒரே இசையைக் கேட்கும் நாள் விரைவில் வரும்.