பாரம் தாங்காத அணுக்கரு

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

118-ஆம் தனிமம் ஒகனெசான். ரஷ்யாவின் துப்னா ஆய்வுக்கூடத்தில் கலிஃபோர்னியத்தின் மீது கால்சியம்-48 அணுக்கருக்களை மோதவிட்டு உண்டாக்கியது. 2016-இல் பெயர் சூட்டினார்கள். அரை ஆயுள் ஒரு மில்லி செகண்டுகூட இல்லை!

ஏன் இந்த அவசரம்? புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்தத் தள்ளல் அணுக்கரு முழுவதும் எட்டும். கட்டிப் பிடிக்கும் அணுக்கரு விசையோ அடுத்த ஆளைத்தான் பிடிக்கும். காலை நேர ஆவடி மின்சார ரயிலில் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒன்று, இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த ஆல்ஃபா துகள் வெளியேறும். அல்லது கருவே இரண்டாகப் பிளக்கும். ஒகனெசான் ஆல்ஃபாவை விட்டு 116 ஆகும், அது 114 ஆகும். அங்கே ஏறக்குறைய பாதிக்குப் பாதி: பிளக்கலாம், இல்லை இன்னொரு ஆல்ஃபாவை விட்டு 112 ஆகிப் பிளக்கலாம். இத்தனையும் சிலிக்கான் உணர்கருவியில் ஒரே புள்ளியில் பதிவாகும். அந்தத் தடத்தைப் பின்னோக்கிப் படித்துத்தான் 'வந்தது 118' என்கிறார்கள். 114-இலேயே நிறை எண் 286 என்றால் அரை ஆயுள் சுமார் 0.1 செகண்டு, இரண்டு நியூட்ரான் கூடி 288 ஆனால் அரை செகண்டுக்கு மேல். இன்னும் நியூட்ரான் சேர்த்தால் நீண்ட ஆயுள் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு இது வலுவூட்டுகிறது.

நம்மவர்களும் சும்மா இல்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமாறன், பாலசுப்பிரமணியம் இருவரும் 2009-இல், கலிஃபோர்னியம் ஆல்ஃபாவோடு சேர்ந்து மூன்று துண்டாவதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள்.

"இதனால என்ன பிரயோஜனம் அண்ணே?" என்று போன வருஷம் ஒரு தம்பி கேட்டார். ஒகனெசானால் ஒன்றுமில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆல்ஃபா சிதைவு அம்பத்தூரில் என் தலைக்கு மேலேயே இருந்தது. பழைய ரகப் புகை உணர்கருவிகளுக்குள் அமெரிசியம்-241. அரை ஆயுள் 432 வருஷம். ஆல்ஃபாவை ஒரு தாள் தடுத்துவிடும். உடைந்து தூசியாகி மூச்சில் போனால்தான் வினை.

நாங்கள் கூரை மாற்றியபோது ஆறு கருவிகளைக் கழற்றிச் சாக்கில் போட்டுவிட்டார்கள். காயலான்கடை வண்டி வாசலில். "இத்துனூண்டு சாமான் என்ன சார் பண்ணிடும்?" என்றார் மேனேஜர். 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்போடு போன கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்ததைச் சொன்னேன். அது காமா, அளவும் பல மடங்கு. ஆனால் போன பாதை இதேதான். வண்டியை நிறுத்தி, விற்ற கம்பெனிக்கே திருப்பி அனுப்ப எண்ணினால் ஐந்துதான் இருக்கிறது. சாயங்காலம் வரை தேடினோம். ஆறாவது, வாட்ச்மேன் ஐயாவின் டீ கிளாஸுக்கு மூடியாக இருந்தது.